அப்சொல்யூட், அல்டிமேட், குறுந்தொடர், மூலத் தொடர்: சூப்பர்ஹீரோ காமிக்ஸை எங்கிருந்து தொடங்குவது?

திரைப்படங்களின் வழியாக பேட்மேனையும் ஸ்பைடர்மேனையும் அறிந்த பலர், ஒரு கட்டத்தில் மூலமான காமிக்ஸையே படித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். கடைக்குப் போனதும் திகைத்து நிற்கிறார்கள். சூப்பர்மேன் 1938 முதலும் பேட்மேன் 1939 முதலும் வெளிவந்துகொண்டிருப்பவர்கள். ஒரே மாதத்தில் பேட்மேன் பெயரைத் தாங்கி பல தொடர்கள் வருகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல், அட்டை அழகாக இருக்கும் ஒன்றை வாங்கி, நடுவில் புகுந்த கதை புரியாமல் ஓரமாக வைத்துவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல வாசகர்கள் இப்படிக் கைநழுவிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இன்று புதிய வாசகருக்கு நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன: டிசி நிறுவனத்தின் அப்சொல்யூட் வரிசை, மார்வெல் நிறுவனத்தின் புதிய அல்டிமேட் வரிசை, ஒரே கூட்டணி எழுதி வரைந்து முடித்த குறுந்தொடர்கள், பல்லாண்டுகளாக ஓடிவரும் மூலத் தொடர்கள். இவற்றில் எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அட்டையில் நாயகன் யார் என்று பார்ப்பதற்கு முன், கதாசிரியர் பெயரையும் ஓவியர் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். அந்த இருவரின் இணைதான் நீங்கள் வாங்கும் பொருள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், முன்கதை. முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? இரண்டாவது, முடிவு. கதை முடிந்துவிட்டதா, முடியும் என்று நம்பலாமா, அல்லது ஓடிக்கொண்டே இருக்குமா? மூன்றாவது, பணம். அமெரிக்க மாத இதழ் ஒன்று பெரும்பாலும் 3.99 முதல் 4.99 டாலர், கதைப்பகுதி இருபதுக்குச் சற்று மேற்பட்ட பக்கங்கள். ஆறு இதழ்களைத் தனித்தனியாக வாங்கினால் 24 முதல் 30 டாலர் வரை ஆகும். அதே ஆறு இதழ்கள் சாதா அட்டைத் தொகுப்பாகச் சில மாதங்கள் கழித்து வரும்போது பொதுவாக 17 முதல் 20 டாலருக்குள் அடங்கிவிடும். இறக்குமதி செய்து படிக்கும் நமக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது.

நான்காவது அளவுகோலைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை: ஓவியர் நிலைத்திருக்கிறாரா? அமெரிக்க மாதத் தொடர்களில் கதாசிரியர் ஒருவராகவே இருக்க, நடுநடுவே ஓவியர் மாறுவது வழக்கம். ஒரு மாதத்தில் இருபது பக்கம் வரைவது கடினமான உழைப்பு. அதனால் மாற்று ஓவியர் தேவைப்படுகிறார். ஆனால் வாசகருக்கு அது சிறிய மாற்றமாக இருப்பதில்லை. முகம் மாறுகிறது, நகரம் மாறுகிறது, கட்டங்களின் ஓட்டம் மாறுகிறது. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியபோது, ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் பெயரை அறியாமலேயே அவருடைய கோடுகளை நேசித்தவர்கள் நம்மவர்கள். அந்தக் கண்ணை அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பக்கமும் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

## அப்சொல்யூட் வரிசை

2024 அக்டோபரில் தொடங்கியது. பழைய வரலாற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, நாயகர்களிடமிருந்து அவர்களுடைய வசதிகளையெல்லாம் பறித்தால் என்ன மிஞ்சும் என்பதுதான் இதன் அடிப்படைக் கேள்வி.

ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிராகொட்டா வரையும் அப்சொல்யூட் பேட்மேனில் புரூஸ் வெய்ன் கோடீஸ்வரன் இல்லை. உழைக்கும் குடும்பத்துப் பையன், பொறியாளன். தந்தை பள்ளி ஆசிரியர். மாணவர்களை விலங்குக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்ற இடத்தில் கொல்லப்படுகிறார். தாய் உயிரோடு இருக்கிறார். ஆல்ஃபிரெட் வீட்டுப் பணியாளர் இல்லை. இவனைக் கண்காணிக்க வந்த உளவாளி. டிராகொட்டா இதற்கு முன் ஜோனதன் ஹிக்மனோடு சேர்ந்து 'ஈஸ்ட் ஆஃப் வெஸ்ட்' தொடரின் 45 இதழ்களை வரைந்தவர். இங்கே அவர் வரையும் பேட்மேன் கதவை அடைக்கும் உடம்புக்காரன். மார்பிலுள்ள சின்னமே கழற்றினால் கோடரியாகிறது. பணத்தால் வாங்க முடியாததை உடம்பாலும் கைவேலையாலும் ஈடுகட்டும் ஒருவன் எப்படி இருப்பான் என்பதைச் சொல்லிப் புரியவைக்காமல், வரைந்தே புரியவைக்கிறார்.

கெல்லி தாம்சன் எழுதி ஹேடன் ஷெர்மன் வரையும் அப்சொல்யூட் வொண்டர் வுமனை நான் இன்னும் ஒரு படி மேலே வைப்பேன். சொர்க்கத் தீவில் வளர வேண்டிய டயானா இங்கே நரகத்தில் சூனியக்காரி சர்சியின் கையில் வளர்கிறாள். இருட்டான இடத்தில் வளர்ந்தும் கனிவு குறையாத பெண். வன்முறைக்கு நடுவே இந்தக் கனிவைக் காப்பாற்றியிருப்பதுதான் தாம்சனின் பெரிய சாதனை. ஷெர்மனின் பக்க அமைப்பும் ஜோர்டி பெல்லேரின் வண்ணங்களும் சேர்ந்து பழைய மரச்செதுக்கு ஓவியத்தின் கனத்தைத் தருகின்றன. காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருது, 2025ஆம் ஆண்டின் சிறந்த புதிய தொடர் என்று இதற்குக் கிடைத்தது.

2025இல் சேர்ந்தவற்றுள் டெனிஸ் கேம்ப் எழுதி ஹாவியேர் ரோட்ரிகெஸ் வரையும் அப்சொல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர் தனியாகப் பேச வேண்டியது. குண்டுவெடிப்பில் தப்பிய எஃப்பிஐ அதிகாரியின் மனத்துக்குள் வேற்றுக்கிரக உணர்வு ஒன்று குடியேறுகிறது. அதன்பின் மனிதர்களின் எண்ணங்கள் அவருக்கு வண்ணப் புகையாகத் தெரிகின்றன. ரோட்ரிகெஸ் தானே வண்ணமும் தீட்டுவதால், கதையின் பாதியை வண்ணமே சொல்கிறது. எழுத்தாளரின் குறிப்பை வைத்து ஓவியர் விளக்கப்படம் போடுகிறார் என்று இன்னமும் நினைப்பவர்கள் இந்த ஒன்றைப் படித்தால் போதும். ஆறு இதழ்களாகத் திட்டமிட்ட தொடர், கிடைத்த வரவேற்பில் பன்னிரண்டாக நீண்டது.

ஜேசன் ஆரன், ரஃபா சாண்டோவால் கூட்டணியின் அப்சொல்யூட் சூப்பர்மேன் நன்றாகத் தொடங்கினாலும், மேற்சொன்ன மூன்றின் அளவுக்கு என்னைப் பிடித்து நிறுத்தவில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, ஓவியர் மாற்றம். அப்சொல்யூட் பேட்மேனின் நான்காம் இதழை காப்ரியேல் எர்னாண்டெஸ் வால்டா வரைந்தார். ஏழு, எட்டாம் இதழ்களை மார்கோஸ் மார்ட்டின் வரைந்தார். இருவருமே மிகச் சிறந்தவர்கள், கதையும் அவர்களுக்கேற்ப அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் டிராகொட்டாவுக்காக வாங்குபவர் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. இரண்டு, பெயர்க் குழப்பம். டிசி நிறுவனம் பெரிய அளவில், கெட்டி அட்டையில், உறைப்பெட்டியோடு வெளியிடும் ஆடம்பரப் பதிப்புகளுக்கும் 'அப்சொல்யூட்' என்றே பல ஆண்டுகளாகப் பெயர். இணையத்தில் 'அப்சொல்யூட் பேட்மேன்' என்று தேடினால், பழைய பேட்மேன் கதைகளின் விலையுயர்ந்த ஆடம்பரப் பதிப்பும் வந்து நிற்கும். ஸ்னைடர், டிராகொட்டா பெயர்களும் முதல் தொகுப்பின் 'த ஸூ' என்ற துணைத்தலைப்பும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

வன்முறை கடுமையானது. பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு அப்சொல்யூட் பேட்மேனை நான் கொடுக்க மாட்டேன்.

## அல்டிமேட் வரிசை

இப்படிப் பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதை மார்வெல் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறது. 2000இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்மேனில், அந்த இருவர் மட்டுமே தொடர்ந்து 111 இதழ்கள் ஒன்றாக உழைத்தார்கள். ஒரே கூட்டணி நிலைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்றும் அதுதான் முதல் சான்று. அந்த உலகம் 2015இல் முடிக்கப்பட்டது.

புதிய அல்டிமேட் உலகத்தை ஜோனதன் ஹிக்மன் 2023இல் விதைத்தார். 2024 ஜனவரியில் அவரும் மார்கோ கெக்கெட்டோவும் புதிய அல்டிமேட் ஸ்பைடர்மேனைத் தொடங்கினார்கள். இதில் பீட்டர் பார்க்கர் முப்பதுகளின் நடுவில் இருக்கும் குடும்பஸ்தன். மேரி ஜேன் மனைவி. ரிச்சர்ட், மே என்று இரண்டு குழந்தைகள். பென் சித்தப்பா உயிரோடு இருக்கிறார். சிறுவயதில் கடித்திருக்க வேண்டிய சிலந்தியை மேக்கர் என்ற வில்லன் தடுத்துவிட்டதால், வாழ்க்கையில் ஏதோ குறைகிறது என்ற உணர்வோடு பீட்டர் நடமாடுகிறான். முதல் இதழ் முடியும்போதுதான் சிலந்தி கடிக்கிறது! அதுவரை வீடு, அலுவலகம், மனைவியோடு பேச்சு. பென்னும் ஜோனா ஜேம்சனும் பழைய பத்திரிகையைவிட்டு வெளியேறிப் புதிதாக ஒன்று தொடங்கும் பகுதிகள் சண்டைக் காட்சிகளைவிட எனக்குப் பிடித்தவை. சண்டையைக் குறைத்துப் பேச்சைக் கூட்டிய இந்தத் தொடர் இவ்வளவு பேரைக் கவர்ந்தது கெக்கெட்டோவின் முகங்களால்தான். ஒரு பார்வையிலேயே கணவன் மனைவி நெருக்கத்தைக் காட்டிவிடுவார். அவர் ஓய்வெடுக்கும் இதழ்களை டேவிட் மெசினா வரைகிறார். நேர்த்தியான ஓவியர்தான் என்றாலும் வேறுபாடு தெரிகிறது.

பீச் மொமோகோ தானே எழுதி வரையும் அல்டிமேட் எக்ஸ்மென் முற்றிலும் வேறு திசை. ஜப்பானியப் பள்ளி மாணவியான ஹிசாகோவை மையமாக வைத்த, நீர்வண்ணத்தில் மிதக்கும் அமானுஷ்யக் கதை. எக்ஸ்மென் என்றதும் வால்வரினை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். பேய்க்கதைப் பிரியர் கொண்டாடுவார். டெனிஸ் கேம்ப் எழுதி ஹுவான் ஃபிரிகேரி வரைந்த 'தி அல்டிமேட்ஸ்' அரசியல் கூர்மை மிக்கது.

இந்த வரிசையின் சிறப்பு, கதைக்குள்ளும் வெளியிலும் காலம் ஏறக்குறைய ஒன்றாக நகர்வது. ஒரு மாதம், ஓர் இதழ். அடைபட்டிருக்கும் மேக்கர் குறிப்பிட்ட காலத்தில் வெளியே வருவான் என்பது தொடக்கத்திலேயே தெரியும். இந்த உலகத்தை 2026இல் முடித்துவிடுவதாக மார்வெல் 2025இல் அறிவித்தது. அதனால் இப்போது தொடங்குபவருக்கு எல்லை தெரிந்த கதை கிடைக்கிறது. ஆனால் முடிவு தனித் தொடர்களுக்குள் முழுமையாக அடங்குவதில்லை. உலகம் முழுவதற்குமான இறுதிக் கதையான 'அல்டிமேட் எண்ட்கேம்' தனியாக வருகிறது. ஒரு தொடரை வாங்க நினைத்து இரண்டு மூன்றை வாங்க நேர்வதுதான் இங்கே மறைமுகச் செலவு.

மார்வெலின் சந்தா செயலியில் அச்சு இதழ் வந்து ஏறக்குறைய மூன்று மாதங்களில் பக்கங்கள் ஏறிவிடுகின்றன. பொறுமை உள்ளவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

## ஒரே கூட்டணியின் குறுந்தொடர்கள்

என் பரிந்துரை பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். ஆறு, எட்டு அல்லது பன்னிரண்டு இதழ்கள். ஒரு கதாசிரியர், ஓர் ஓவியர். தொடக்கமும் முடிவும் ஒரே தொகுப்பில்.

டாம் கிங் எழுதி பிரேசில் ஓவியர் பில்கிஸ் எவெலி வரைந்த 'சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ' 2021இல் தொடங்கி எட்டே இதழ்களில் முடிந்தது. தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடிக்கும் ரூதி என்ற சிறுமி, சூப்பர்கேர்ளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு விண்மீன்களுக்கிடையே அலையும் கதை. சிறுமியே கதைசொல்லி. எவெலியின் நுண்ணிய கோடுகளும் மாத்தியுஸ் லோப்பஸின் வண்ணங்களும் ஒவ்வொரு கிரகத்துக்கும் தனிக் காற்றையும் தனி ஒளியையும் கொடுத்துவிடுகின்றன. சூப்பர்கேர்ளைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரிடம் தயங்காமல் கொடுக்கலாம். இதைத் தழுவியே புதிய சூப்பர்கேர்ள் திரைப்படமும் உருவாகியிருக்கிறது.

அதே கிங், மிட்ச் ஜெராட்ஸோடு செய்த 'மிஸ்டர் மிராக்கிள்' பன்னிரண்டு இதழ். ஒன்பது கட்டங்கள் கொண்ட பக்கச் சட்டகத்தை விடாப்பிடியாகப் பின்பற்றி, எந்தச் சிறையிலிருந்தும் தப்பிக்கும் வித்தைக்காரனைச் சொந்த மனத்திலிருந்து தப்பிக்க முடியாதவனாகக் காட்டுகிறார்கள். தொடக்கமே தற்கொலை முயற்சி. மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு முன்னெச்சரிக்கை இல்லாமல் இதைப் பரிசளிக்காதீர்கள். கிரெக் ஸ்மால்வுட் வரைந்த 'தி ஹியூமன் டார்கெட்'டில், நஞ்சு ஏறிய துப்பறிவாளனுக்குப் பன்னிரண்டு நாள் உயிர், பன்னிரண்டு இதழ்கள். மூன்று தொடர்களுக்கும் கிங்கே கதாசிரியர். ஆனால் மூன்றும் மூன்று வேறு உலகங்களாக மனத்தில் தங்குகின்றன. ஓவியர் மாறினால் கதாசிரியரே மாறிவிடுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

நாவல் வாசகர்களுக்கு 'ஃபார் செக்டர்'. அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்ற என். கே. ஜெமிசின் எழுத்து, ஜமால் கேம்பல் ஓவியம். ஐந்நூறு ஆண்டுகளாகக் கொலையே நடக்காத ஒரு தொலைதூர நகரத்தில் முதல் கொலை. அதை விசாரிப்பவள், கிரீன் லேண்டர்ன் என்ற விண்வெளிக் காவல் படையின் வீராங்கனை ஜோ மல்லீன். பன்னிரண்டு இதழ்கள். டிசி நிறுவனம் 2024இல் தொடங்கிய, கைக்கடக்கமான காம்பாக்ட் பதிப்புகளின் வரிசையிலும் இது இருக்கிறது, அமெரிக்காவில் 9.99 டாலர்.

குறைகள் இல்லாமல் இல்லை. காம்பாக்ட் அளவில் பக்கம் சுருங்குகிறது. பலூன் எழுத்துகள் பொடியாகி, வயதான கண்களைச் சோதிக்கும். இன்னொன்று, முடிந்த கதை முடிந்ததுதான். அடுத்த மாதம் என்ன ஆகும் என்று நண்பர்களோடு வாதிடும் சுகம் இதில் கிடைக்காது.

## மூலத் தொடர்கள்

எழுபது, எண்பது ஆண்டு வரலாற்றைச் சுமந்துகொண்டு ஓடுபவை. அந்தச் சுமையே இவற்றின் ஈர்ப்பும். பேட்மேனின் பழைய துணைவன் ராபின் வளர்ந்து தனி நாயகனாகும் 'நைட்விங்' தொடரை 78ஆம் இதழிலிருந்து, அதாவது 2021இலிருந்து, டாம் டெய்லரும் புரூனோ ரெடொண்டோவும் எடுத்து நடத்திய காலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 87ஆம் இதழ் முழுவதும் ஒரே தொடர் ஓவியம்; பக்கங்களை அருகருகே வைத்தால் நீண்ட ஒற்றைக் காட்சியாக விரியும். மார்க் வெய்டும் டான் மோராவும் 2022இல் தொடங்கிய, பேட்மேனும் சூப்பர்மேனும் இணையும் 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' சற்றே பழைய காலத்தில் நடப்பதால் முன்கதைச் சுமை குறைவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம். 2025 செப்டம்பரில் மேட் ஃபிராக்ஷனும் ஹோர்ஹே ஹிமேனெஸும் பேட்மேனை மீண்டும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். நடப்புத் தொடரில் ஏற விரும்புவோருக்கு நல்ல படிக்கட்டு.

ஆனால் மறைமுகச் செலவு மிக அதிகமாக இருப்பது இங்கேதான். நிறுவனம் முழுவதற்குமான பெருங்கதைகள் நடுவில் புகுந்து, நீங்கள் ரசித்துக்கொண்டிருக்கும் தொடரை இழுத்துக்கொண்டு போய்விடும். 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 'நைட் டெரர்ஸ்' நிகழ்வுக்காக டிசியின் வழக்கமான தொடர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2020இல் எக்ஸ்மென் தொடர்களைப் பிணைத்த 'எக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்' 22 பகுதிகளாகப் பல தொடர்களுக்குள் சிதறிக்கிடந்தது. ஒரு தொடரை மட்டும் வாங்கியவர் கதையின் துண்டுகளைத்தான் படித்திருப்பார். அப்போது எக்ஸ்மென் தொடர்களை வழிநடத்திய ஹிக்மனின் அந்தக் காலத்தை நேசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாசகனை இப்படி அலைக்கழிப்பது நியாயமே இல்லை.

எண்களும் ஏமாற்றும். பேட்மேன் முதலாம் இதழ் என்பது 1940இலும் உண்டு, 2011இலும் உண்டு, 2016இலும் உண்டு, 2025இலும் உண்டு. 'பேட்மேன் தொகுதி 1' என்று மட்டும் சொல்லி வரவழைத்தால் எந்தக் கூட்டணியின் புத்தகம் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ஆண்டையும் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| | முன்கதை தேவையா | ஓவியர் நிலைப்பு | முடிவு | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| அப்சொல்யூட் | தேவையில்லை | நன்று. இடையிடையே விருந்தினர் | பெரும்பாலும் திறந்தது | காத்திருப்பு, பெயர்க் குழப்பம் |
| அல்டிமேட் | மிகக் குறைவு | தொடருக்குத் தொடர் மாறும் | 2026இல் எல்லை | இறுதிக் கதைக்குத் தனிப் புத்தகம் |
| குறுந்தொடர் | தேவையில்லை | முழுமை | ஒரே தொகுப்பில் | சிறிய பதிப்பில் பொடி எழுத்து |
| மூலத் தொடர் | ஓரளவு முதல் மிகுதி வரை | நிச்சயமில்லை | இல்லை | பெருங்கதைகள், எண் குழப்பம் |

## யாருக்கு எது

ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் 'சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ'. அதில் ஐயமே வேண்டாம்.

மாதந்தோறும் நண்பர்களோடு பேசிக்கொண்டே படிக்க வேண்டும், அந்த உற்சாகம்தான் வேண்டும் என்பவர்கள் அப்சொல்யூட் வொண்டர் வுமனோடு சேர்ந்து ஓடட்டும். பேட்மேனை விட்டால் வேறு யாரும் வேண்டாம் என்பவருக்கு அப்சொல்யூட் பேட்மேனின் முதல் தொகுப்பு. திருமணம், பிள்ளைகள், வேலை என்று வாழும் நாற்பது வயதுக்காரர், சிறுவயதில் ஸ்பைடர்மேனை நேசித்தவராக இருந்தால், ஹிக்மனும் கெக்கெட்டோவும் அவருக்காகவே எழுதி வரைந்திருக்கிறார்கள்.

மூலத் தொடர்களை இரண்டாவது ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம். அதற்குள் நாலைந்து ஓவியர்களின் கோடு உங்களுக்கே பிடிபட்டிருக்கும். அப்போது நாயகனைத் தொடராமல் அந்த ஓவியரைத் தொடருங்கள். எவெலியைப் பிடித்திருந்தால் அவர் வேறு எதை வரைந்திருக்கிறார் என்று தேடுங்கள். மார்ட்டினைப் பிடித்திருந்தால் அவருடைய பழைய டேர்டெவிலைத் தேடுங்கள்.

மாற்று அட்டைகளின் பின்னால் ஓடாதீர்கள். ஒரே இதழ் பல அட்டைகளோடு வருவதும், முதல் பதிப்புக்குச் சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றிவிடுவதும் அப்சொல்யூட் பேட்மேனைச் சுற்றி நிறையவே நடந்தன. உள்ளே இருக்கும் பக்கங்கள் எல்லாப் பதிப்பிலும் ஒன்றுதான். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு தொகுப்பு வாங்கலாம்.